ஸ்பானர் கடைச் சோறு

ஓசூர்,
12-6-2005

அன்புள்ள அத்தைக்கு,

லாவண்யா எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உங்கள் நலமும், உங்கள் டெலிபோன் பூத்தின் நலமும், கடகடவென்று ஆடும் அந்த ஃபேனின் நலமும் அறிய ஆவல்.

நாங்கள் புதிதாகக் குடிவந்திருக்கும் இந்த ஊரில் பார்ப்பதை எல்லாம் உங்களுக்கு உண்மையாக எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் இந்தப் பழக்கம் நிலைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

முதல் உண்மை: ஜூன் மாதத்தில் அம்மா ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். இரண்டாவது: பக்கத்து வீட்டு ஆன்ட்டி கணவரிடம் தெலுங்கும், பால்காரரிடம் கன்னடமும், எங்களிடம் தமிழும் பேசுகிறார். திட்டுவது மட்டும் எந்த மொழி என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் பழைய லேத் பட்டறை ஒன்றுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, ‘மாதப்பா ஸ்பானிஷ்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அப்பா சைக்கிளைச் சரிசெய்ய ஸ்பானர் வாங்கலாம் என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கிண்ணத்தில் ஏதோ பச்சைக் காய் ஊறுகாய் இருந்தது. கடைக்காரர் சொன்னாராம்: “ஸ்பானர் இல்லைங்க, ஸ்பெயின். இது சாப்பாட்டுக் கடைங்க. காலையில இருந்து ஸ்பானர் கேட்டு வர்றவங்களுக்கு எல்லாம் இதத்தான் குடுத்து அனுப்பறேன்.” அப்பாவின் கம்பெனியில் மிஷின் மாட்ட ஸ்பெயின்காரர்கள் வந்திருக்கிறார்களாம். அவர்களை நம்பித் திறந்த கடை.

இன்னொன்று. உங்களுக்கு வந்திருக்கும் சாத்தூர் இரும்புக் கடைக்காரர் சம்பந்தத்தைப் பற்றி அப்பா தினமும் பேசுகிறார். கல்யாணம் ஆனால் பூத்தை மூடிவிட வேண்டும் என்று அவர்கள் சொல்வதாகவும், தை மாதத்துக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். என்ன சொல்லப் போகிறீர்கள்? 

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
லாவண்யா

*

கோவில்பட்டி,
23-6-2005

அன்பு லாவண்யாவுக்கு,

அத்தை பேச்சியம்மாள் எழுதிக்கொண்டது. நானும் அக்கா வீட்டாரும் சௌக்கியம். ஃபேனுக்கு எண்ணெய் போட்டாயிற்று, ஆட்டம் நிற்கவில்லை.

அண்ணன் ‘லெட்டர் எதுக்கு, போன்லயே பேசு’ என்கிறார். ஊரார் பேசுவதைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டே பொழுது போகிறவளுக்குப் போன் என்றால் வேலை ஞாபகம்தான் வரும். நீ எழுது. இப்போது ஆளுக்கொரு செல்போன் வாங்கிவிட்டார்கள், பூத்தில் கூட்டம் இல்லை, படிக்க நிறைய நேரம் இருக்கிறது.

ஸ்பானர் கதையைப் படித்துச் சிரித்தேன். அந்த ஊறுகாய் எப்படி இருந்தது? உண்மையாக எழுதுகிறவள் அதை விட்டுவிட்டாயே. ஒரு நாள் மதினியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு எழுது. மதினி வெளியே சாப்பிட்டுப் பல வருஷம் இருக்கும்.

மழை வரும்போல இருக்கிறது. மீதி அடுத்த கடிதத்தில்.

அத்தை

*

ஓசூர்,
10-7-2005

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவுக்கு லேசாகச் சளி, சொல்லும்படியாக இல்லை.

ஊறுகாய் துவர்ப்பும் உப்புமாக இருந்தது. முதல் காய் பிடிக்கவில்லை. ஐந்தாவது பிடித்தது.

நேற்று ‘மாதப்பா ஸ்பானிஷ்’ கடையில் சாப்பிட்டோம். பட்டறையின் கூரையில் தொங்கிய சங்கிலியை எடுக்காமல் அதிலேயே விளக்கு மாட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் மாதப்பன் அங்கிள் ஜவளகிரிக்காரர். அவருடைய அக்கா முனிலட்சுமிதான் பரிமாறுகிறார்.

முதலில் கண்ணாடித் தம்ளரில் சிவப்பாக ஒன்று வந்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “தக்காளி ரசம் நல்லா ஆறிப் போச்சுங்க. கொஞ்சம் சூடு பண்ணித் தாங்க” என்றார். அந்த சூப்பை ஜில்லென்றுதான் குடிக்க வேண்டுமாம். அங்கிள் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு உள்ளே போனார். சுட வைத்து, கடுகு தாளித்துக் கொண்டுவந்தார். அம்மா இரண்டு தம்ளர் குடித்தார். பக்கத்து மேஜை ஸ்பெயின்காரர் வாசனை பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் தம்ளரையும் நீட்டினார். இது உண்மை.

பிறகு அங்கிள், “பாயேயா கொண்டு வரட்டுங்களா?” என்றார்.

“பாயாவா? அப்ப இடியாப்பமும் வேணும்” என்றார் அப்பா.

“ஆட்டுக்கால் பாயா இல்லைங்க. பா-யே-யா. சோறுங்க.”

“சோறுன்னே சொல்லியிருக்கலாம்லா” என்றார் அம்மா.

முறம் போல அகலமான சட்டி. மஞ்சள் சோறு, மேலே இறால். மேல்சோறு குழைந்திருந்தது, அடிச்சோறு கருகியிருந்தது. ஒரு லாரி டிரைவர் “சீது ஹோயித்து” என்றார். சுவர் ஓரத்தில் ஒருவர் “மாடிப்போயிந்தி” என்றார். அப்பா “தீஞ்சு போச்சு” என்றார். ஸ்பெயின்காரர் சொன்ன வார்த்தை புரியவில்லை, முகம் புரிந்தது. நான்கு மொழியிலும் ஒரே குறை.

அங்கிள் கோபப்படவில்லை. “அடியில பொன்னாட்டம் ஒட்டி வரணுங்க. அங்க அதுக்குத்தான் சண்டை போட்டுத் தின்பாங்க. எனக்கு ஒண்ணு கரியாவுது, இல்லன்னா களியாவுது” என்றார்.

அத்தை, அதுதானே உங்கள் பொருக்கு? நீங்கள் புத்தகம் படித்துக்கொண்டே சோற்றை அடிப்பிடிக்க விடுவீர்களே. எல்லாரும் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நாம் இரண்டு பேரும் சட்டியைச் சுரண்டி வெல்லத்தோடு தின்போமே. அது ஸ்பெயினில் விருந்தாளிக்குக் கொடுப்பது என்று நமக்குத் தெரியாமல் போயிற்று.

சாத்தூர் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

லாவண்யா

*

கோவில்பட்டி,
22-7-2005

அன்பு லாவண்யாவுக்கு,

எல்லாரும் நலம். மதினியைச் சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்.

சாத்தூரில் இருந்து மறுபடி கேட்டார்கள். ஆடி போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆடி ஒரு நல்ல மாதம், யாரும் அவசரப்படுத்த முடியாது.

முறம் அளவு சட்டி என்று எழுதியிருந்தாய். அதைச் சோற்றோடு ஒருவர் தனியாக இறக்க முடியுமா? அவர் மனைவி கூடமாட உதவுகிறாரா? சட்டியின் கனத்தை நினைத்துக் கேட்டேன்.

ரசத்தைச் சுட வைத்துக் கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. வேறு ஒருவர் என்றால் மதினிக்குப் பாடம் எடுத்திருப்பார்.

அத்தை

*

ஓசூர்,
21-8-2005

அன்புள்ள அத்தைக்கு,

நலம். கால் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டியின் கனம் பற்றிய பதில்: அங்கிளுக்கு மனைவி இல்லை. கல்யாணமே ஆகவில்லை. அவரும் முனிலட்சுமி அக்காவும் ஆளுக்கொரு காதைப் பிடித்து இறக்குகிறார்கள்.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறேன். அவர் கப்பலில் காய் நறுக்கும் வேலைக்குப் போய், ஸ்பெயினில் வாலென்சியா என்ற ஊரில் இறங்கி, ஒரு பெரியவரின் கடையில் வேலை பார்த்தாராம். “அப்ப ஏன் உங்களுக்குச் சோறு சரியா வரல?” என்று கேட்டேன். 

“எல்லாம் கத்துக்கிட்டேம்மா. கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் தெரியாது. சோறு முக்கால்வாசி வெந்ததும் அந்தக் கெழவரு எங்க எல்லாரையும் வெளிய அனுப்பிருவாரு. திரும்பி உள்ள போனா சட்டி இறங்கியிருக்கும். அடியில பொன்னு ஒட்டியிருக்கும். என்ன பண்ணுவாரோ, கடைசி வரைக்கும் சொல்லல” என்றார். 

நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்குப் பொருக்கு தினமும் வரும் என்றேன். கயத்தாறில் இருந்து பெண் பார்க்க வந்த அன்று வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை வந்ததையும், அந்த மாப்பிள்ளையின் அம்மா “பொஸ்தகம் படிக்கவ கையில உலையக் குடுத்தா இப்படித்தான்” என்று எழுந்து போனதையும், அதன் பிறகு உங்களைப் ‘பொருக்குப் பேச்சி’ என்று தெருவில் சொல்வதையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் அதையும் எழுதுகிறேன். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அந்தம்மா அதை எப்பிடிப் பண்றாங்கன்னு கேட்டு எழுதறியா?” என்றார். அப்போது சிரிக்கவில்லை.

எப்படிச் செய்கிறீர்கள்?

லாவண்யா

*

ஓசூர்,
25-9-2005

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா? 

போன மாதம் எழுதிய கடிதம் கிடைத்ததா? தபால்காரர் எங்கள் தெருவுக்குத் தினமும் வருகிறார். நான் கேட்டில் நிற்பதைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார். 

மிஷின் மாட்டும் வேலை முடிந்தது. ஸ்பெயின்காரர்கள் அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார்கள். மாதப்பன் அங்கிள் தினமும் கேட்கிறார், “அத்தகிட்ட இருந்து எதாவது வந்துதா?” என்று.

கணக்கில் தொண்ணூற்று ஒன்று.

லாவண்யா

*

ஓசூர்,
28-10-2005

அன்புள்ள அத்தைக்கு,

தீபாவளி வாழ்த்துகள். நலமறிய ஆவல்.

நான் எழுதியதில் எது உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். முறுக்குப் பிழிவதை நிறுத்தினார். “அவரு சிரிச்சாருன்னும் எழுதினியா?” என்றார். “ஆமா, உண்மைதானே” என்றேன். “உண்மைதான்” என்று சொல்லிவிட்டு மறுபடி பிழிய ஆரம்பித்தார்.

அத்தை, உண்மையாக எழுதுவதாகத்தான் சொன்னேன். உங்கள் உண்மையை இன்னொருவரிடம் சொல்வதாகச் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அப்போது தெரியவில்லை.

கடையில் இப்போது நானும் ஸ்பானர் கேட்டு வருகிறவர்களும்தான் இருக்கிறோம்.

லாவண்யா

*

கோவில்பட்டி,
14-11-2005

அன்பு லாவண்யாவுக்கு,

அத்தை எழுதிக்கொண்டது. சௌக்கியம். நீ எழுதிய மூன்றும் கிடைத்தன. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பூத்துக்கு ஆள் வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் சாத்தூரில் இருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சோறு அடிப்பிடிக்கவில்லை. அக்கா என் புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் உலைக்குப் பக்கத்திலேயே நின்றேன். சோறு மல்லிகைப்பூ மாதிரி வந்தது. அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் அந்தச் சோறு இறங்கவில்லை. தைக்குள் சொல்கிறேன் என்றேன். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். என்ன படிப்பீர்கள் என்று கேட்டேன், ரசீது என்றார்.

அந்தக் கடைக்காரர் கேட்டதற்குப் பதில்: நான் சோற்றைப் பார்ப்பதே இல்லை. கண் புத்தகத்தில் இருக்கும், காது உலையில் இருக்கும். முதலில் தண்ணீர் சத்தமாகப் பேசும். பிறகு முணுமுணுக்கும். பிறகு பேச்சு நின்று, அடியில் யாரோ புதுத்துணியைக் கசக்குவது மாதிரி சரசரவென்று கேட்கும். அப்போது ‘இன்னும் ஒரு பக்கம்’ என்று நினைத்துக்கொள்வேன். ஒரு பக்கத்தில் இறக்கினால் பொருக்கு. இரண்டு பக்கம் போனால் கயத்தாறு சம்பந்தம்.

அந்தப் பெரியவர் எல்லாரையும் வெளியே அனுப்பியது ரகசியத்துக்காக இருக்காது. சத்தம் போடுகிறார்கள், சோறு பேசுவது கேட்கவில்லை என்றுதான் அனுப்பியிருப்பார். இதை அவரிடம் சொல்.

அவர் சிரித்ததை மறைக்காமல் எழுதியது சரிதான். கரண்டியைக் கீழே வைத்ததையும் எழுதியிருந்தாய்.

அப்புறம், ‘அங்கிள்’ என்று எழுதாதே. படிக்க நன்றாக இல்லை.

தொண்ணூற்று ஒன்றுக்குச் சந்தோஷம்.

அத்தை

*

ஓசூர்,
4-12-2005

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நலம், நலம். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

அங்கிள் வேண்டாம் என்றால் என்னவென்று எழுதுவது? நீங்கள் சொல்லவில்லை. சொல்லும்வரை ‘அவர்’ என்று எழுதுகிறேன்.

அடுப்பு சம்பந்தமான பகுதியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை வேறு எதையும் சொல்லவில்லை. பெரியவர் வெளியே அனுப்பியதற்குக் காரணம் சத்தம்தான் என்ற இடம் வந்ததும், “இத்தன வருஷம் நான் என்னமோ மந்திரம்னு நெனச்சிட்டு இருந்தேனே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். முனிலட்சுமி அக்கா, “நீ பேசற பேச்சுக்கு உன்ன நாட்ட விட்டே அனுப்பியிருக்கணும்” என்றார்.

ஆனால் ஒரு கஷ்டம் இருக்கிறது. பகலில் எதிர்ப்பக்கத்துப் பட்டறைகள் ஓடுகின்றன, ஒன்றும் கேட்காது. சாயங்காலம் அவை நின்றால் சமையற்கட்டில் புகை இழுக்கும் பெரிய ஃபேன் ஓடுகிறது. லேத் இருந்த காலத்து ஒயரிங் என்பதால் ஃபேனுக்கும் கடை விளக்குகளுக்கும் ஒரே மெயின் சுவிட்ச். ஃபேனை நிறுத்தினால் கடையே இருட்டு. “சாப்பிட வந்தவங்கள இருட்டுல உக்கார வைக்கிறதா? இருக்கிற நாலு பேரும் ஓடிருவாங்க” என்று முனிலட்சுமி அக்கா சுவிட்சைத் தொட விடவில்லை. அதனால் அவர் காதைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். காது சிவந்ததுதான் மிச்சம். சரசரப்பு கேட்டதாக நினைத்து ‘ஒரு பக்கம்’ தொடங்கினோம். நான் சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தேன், களியாக வந்தது. அடுத்த நாள் அவர் செய்தித்தாளில் ஒரு பக்கம் படித்தார். கரி.

“எந்தப் பொஸ்தகத்துல ஒரு பக்கம்னு அத்தையக் கேளும்மா” என்கிறார். பொங்கல் சமயத்தில் எங்கள் தெருக்காரர்களையும் அப்பா கம்பெனி ஆட்களையும் கூப்பிட்டு ஒரு பெரிய சட்டி போடப் போகிறார். அது சரியாக வந்தால்தான் கடை நிலைக்கும் என்றார்.  

சாத்தூர் விஷயத்தில் அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

லாவண்யா

*

கோவில்பட்டி,
19-12-2005

அன்பு லாவண்யாவுக்கு,

எல்லாரும் நலம். 

செய்தித்தாளின் பக்கம் ஒரு பக்கமா? அதைப் படித்து முடிப்பதற்குள் அறுவடையே முடிந்துவிடும்.

லைப்ரரிப் புத்தகத்தின் பக்கம். அதிலும் சண்டை வந்தால் சீக்கிரம் முடியும், நிலாவைப் பற்றி வந்தால் நேரமாகும். இதை எல்லாம் கடிதத்தில் அளந்து அனுப்ப முடியாது. பக்கத்தில் இருந்து படித்தால்தான் உண்டு.

பூத்துக்குப் பொங்கல் லீவு என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். புத்தகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன். சாத்தூருக்குப் பதிலையும் அங்கே வந்து சொல்கிறேன் என்று அண்ணனிடம் சொல். ஸ்வெட்டர் வேண்டுமா என்று மதினியைக் கேட்டு எழுது.

நீ போன கடிதத்தில் ‘அவர்’ என்று எழுதியதைப் பார்த்தேன்.

அத்தை

*

மாதப்பா ஸ்பானிஷ், ஓசூர்,
15-1-2006, சாயங்காலம்

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று எனக்கே தெரிகிறது, ஏனென்றால் நீங்கள் எதிரே சமையற்கட்டில்தான் இருக்கிறீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். இந்த ஊரில் பார்ப்பதை எல்லாம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். கையிலேயே கொடுத்துவிடுவேன், ஸ்டாம்பு மிச்சம்.

கடையில் உட்கார இடம் இல்லை. அப்பா கம்பெனி ஆட்கள் ஸ்டூல் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மூன்று மொழியிலும் “எப்போ ஆகும்” என்று கேட்டுவிட்டார். எல்லாருக்கும் முதலில் அம்மாவின் ரசம் கொடுத்தார்கள். போர்டில் இப்போது அதற்கு ‘மதினி ரசம்’ என்று பெயர். 

அப்பாவின் மொபைல் அடித்தது. சாத்தூர். அப்பா எழுந்து சமையற்கட்டு வாசலுக்கு வந்தார். “பேச்சி, அவுகதான். என்ன சொல்ல?” 

நீங்கள் கை துடைத்துக்கொண்டு, “கொண்டாங்கண்ணே, நானே சொல்லுதேன்” என்று வாங்கினீர்கள். “வணக்கம். நான் பேச்சியம்மாள். நீங்க நல்லவுக, அதனால சுத்தி வளைக்கல. எனக்கு இது சரிப்படாது. வேற நல்ல எடமா பாருங்க. உங்கம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க. வைக்கட்டுமா?” ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பூத்து நடத்துகிறவர் அளந்துதான் பேசுவார் போலிருக்கிறது.

அப்பா மொபைலையே பார்த்துக்கொண்டு நின்றார். “இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுக்குத்தான் ஏழு மாசமாச்சு” என்றார் அம்மா.

அடுப்புப் பக்கம் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு இறாலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய இறால். முனிலட்சுமி அக்கா அதைச் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை.

இப்போது சட்டியில் தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்திருக்க வேண்டும். நீங்கள் ஸ்டூலை அடுப்போரம் இழுத்துப் போட்டுப் புத்தகத்தை விரித்துவிட்டீர்கள். அடுப்பு வெளிச்சம் போதும், நிலா வராத பக்கமாகத்தான் எடுத்திருக்கிறேன் என்று சொல்கிறீர்கள். அவர் தலையை நீட்டிக் கடை முழுவதையும் பார்த்து, “எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க. சோறு பேசப் போவுது” என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. 

ஃபேன் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. முனிலட்சுமி அக்கா மெயின் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றவர், உங்களையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானாகவே நகர்ந்துகொண்டார்.

நீங்கள் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னது இது, ஒரு எழுத்தும் மாற்றவில்லை: “ஏட்டி லாவண்யா, மாமாவ அந்தச் சுவிட்ச அமத்தச் சொல்லு.”

எந்த மாமா என்று நான் கேட்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையில் தொங்கும் சங்கிலியைப் பார்த்தார். அவர் இறாலை வைத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, சுவிட்சுக்கு வந்தார்.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. அடியில் யாரோ புதுத்துணியைக் கசக்குகிறார்கள். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும், அத்தை. விளக்குகளை மாமா அணைத்துவிட்டார்.